மேப் இல்லாமல் வீட்டுக்கு வர முடியாதா?

அன்புள்ள ஐயா,

மடிப்பாக்கத்தில் குடியிருக்கிறேன். துரைப்பாக்கத்தில் வேலை. சில வருடங்களாக ஸ்கூட்டரில்தான் போய்வருகிறேன், கீழ்க்கட்டளை வந்து ரேடியல் ரோட்டைப் பிடித்து. போன வாரம் மழையில் போன் நனைந்து அணைந்துவிட்டது. வீடு திரும்பும்போது பள்ளிக்கரணை தாண்டி ரோட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். வண்டிகளை இடதுபக்கத் தெருவுக்குள் திருப்பிவிட்டார்கள். நாலு திருப்பம் திரும்பியதும் வீடு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பெட்டிக்கடை அண்ணாச்சி ஒருவர், "மேக்கால போய் வடக்க திரும்பும்மா" என்றார். அதுவும் புரியவில்லை. வீட்டில் சொன்னால் என் கணவர், "பொம்பளைங்களுக்கே டைரக்‌ஷன் சென்ஸ் கிடையாது" என்று சிரிக்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, "எல்லாம் அந்த போன் பண்ற வேலை" என்கிறார். அவர் தென்காசிப் பக்கத்து விவசாயி, எங்கே போனாலும் திசை தவறாது. ஜிபிஎஸ் பயன்படுத்தினால் அல்சைமர் வரும் என்று குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு செய்தியும் போட்டிருக்கிறார். எனக்குப் பிறவியிலேயே இது இல்லையா, இல்லை போன் கெடுத்ததா? மேப்பை விட்டுவிட வேண்டுமா?

அன்புடன்,
ச. (முழுப்பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள ச.,

உங்கள் கணவருக்குப் பதில் சொல்வது சுலபம், அதை முதலில் முடித்துவிடலாம். லண்டனில் ஹியூகோ ஸ்பியர்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2016இல் 'சீ ஹீரோ குவெஸ்ட்' என்று ஒரு போன் விளையாட்டை வெளியிட்டார்கள். வரைபடத்தைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, படகை ஓட்டி இடம் சேர வேண்டும். விளையாட்டின் பெயரில் வழி கண்டுபிடிக்கும் திறமையை அளந்தார்கள். 57 நாடுகளைச் சேர்ந்த ஐந்தரை லட்சம் பேரின் ஆட்டத்தை வைத்து 2018இல் ஒரு கட்டுரை வந்தது. சராசரியில் ஆண்கள் கொஞ்சம் முன்னால்தான் இருந்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இடைவெளி நாட்டுக்கு நாடு மாறியது. பெண்களுக்குப் படிப்பிலும் வேலையிலும் சமத்துவம் அதிகமுள்ள நாடுகளில் இடைவெளி சுருங்கியது, குறைவாக உள்ள நாடுகளில் அகன்றது. பிறவிக்குணம் என்றால் எல்லா ஊரிலும் ஒரே அளவில் அல்லவா இருக்க வேண்டும்?

நம் ஊரில் ஒரு பையனுக்குப் பத்து வயதில் சைக்கிள் கிடைக்கிறது. வாய்க்கால் வரை போவான், பக்கத்து ஊர் வரை போவான், தொலைவான், திரும்பி வருவான். அதே வயதில் அவன் அக்கா டியூஷனுக்கு அப்பா வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து போய், பின்சீட்டிலேயே திரும்பி வருகிறாள். அவள் பார்வை முழுக்க அப்பாவின் முதுகுதான். பத்துப் பன்னிரண்டு வயதில் யார் எவ்வளவு தூரம் தனியாகப் போனீர்கள் என்று உங்கள் கணவரும் நீங்களும் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

அப்பா அனுப்பிய செய்தி எங்கிருந்து கிளம்பியிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. 2024 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அமெரிக்க இறப்புப் பதிவுகளைத் தொழில்வாரியாகப் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு வெளிவந்தது. இறந்துபோன டாக்ஸி ஓட்டுநர்களில் அல்சைமரால் இறந்தவர்கள் 1.03 சதவீதம், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களில் 0.74 சதவீதம். ஆய்வில் எடுத்துக்கொண்ட நானூற்றுச் சொச்சம் தொழில்களில் இவைதான் மிகக் குறைவு. ஒரே தடத்தில் போய்வரும் பஸ் ஓட்டுநர்களில் 3.11 சதவீதம். சுவாரசியமான கணக்குதான். ஆனால் அந்த ஆய்வில் யார் ஜிபிஎஸ் பயன்படுத்தினார்கள் என்று கேட்கவே இல்லை. புதுப்புது வழி தேடுவதுதான் காரணம் என்று எழுதியவர்களே அடித்துச் சொல்லவில்லை. ஞாபகசக்தி குறைவானவர்கள் டாக்ஸி ஓட்ட வராமல் போயிருக்கலாம், அதனாலும் இந்த எண் குறையும். இதை "ஜிபிஎஸ் போட்டால் அல்சைமர்" என்று திருப்பியது வாட்ஸப்பின் கைவண்ணம். அப்பாவை நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள்.

ஆனால் "போன் பண்ற வேலை" என்று அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் லூயிசா தஹ்மானி, வெரோனிக் பொபோ என்ற இருவர் 50 ஓட்டுநர்களைச் சோதித்து 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஜிபிஎஸ்ஸை அதிகம் பயன்படுத்தி வந்தவர்களுக்கு, அது இல்லாமல் வழி தேடும்போது இட நினைவு பலவீனமாக இருந்தது. சரி, திசை தெரியாதவர்கள்தானே மேப்பை அதிகம் நாடுவார்கள் என்று கேட்கலாம். ஆய்வாளர்களுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. அதே ஆட்களில் 13 பேரை மூன்று வருடம் கழித்து மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார்கள். இடைப்பட்ட காலத்தில் யார் அதிகமாக ஜிபிஎஸ் பயன்படுத்தினார்களோ அவர்களுக்குச் சரிவும் அதிகம். எனக்குத் திசை தெரியாது என்ற எண்ணத்தினால் அவர்கள் ஜிபிஎஸ் பக்கம் போனதாகவும் தெரியவில்லை. 13 பேர் என்பது சின்னக் கூட்டம்தான், இதை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் எது முன்னால் எது பின்னால் என்பதற்கு இது ஒரு தடயம்.

இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஓரிடத்துக்குப் போக மூளைக்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, இடங்களுக்குள் இருக்கும் உறவை மனதில் படமாக வைத்துக்கொள்வது: பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இங்கே, வேளச்சேரி அதற்கு மேலே, கடல் அந்தப் பக்கம். மூளைக்குள் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்கு இந்த வேலை. இன்னொன்று, சிக்னல் வந்தால் வலது, பெட்ரோல் பங்க் வந்தால் இடது என்று பழக்கத்தில் போவது. அதைக் கவனிப்பது வேறு பகுதி. இரண்டாவது முறை வேகமானது, களைப்பில்லாதது, ஆனால் ஒரு ரோட்டை வெட்டிப் போட்டால் அம்போ. 'இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்' என்ற குரல் இந்த இரண்டாவது முறையைக்கூட உங்களிடம் விட்டுவைப்பதில்லை, சிக்னலையும் பெட்ரோல் பங்க்கையும் நினைவு வைக்கும் வேலையையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. லண்டனின் சோஹோ பகுதித் தெருக்களை வைத்து 2017இல் நடந்த ஒரு பரிசோதனையில், வழியைத் தாங்களே யோசித்துப் போனவர்களுக்குப் புதுத்தெருவுக்குள் நுழையும்போதெல்லாம் ஹிப்போகாம்பஸ் துடிப்பாக வேலை செய்தது. குரல் சொல்லச் சொல்லப் போனவர்களுக்கு அந்தத் துடிப்பு இல்லை. ஹேண்டில்பார் உங்கள் கையில்தான் இருக்கிறது, ஆனால் நீங்கள் மறுபடி அந்தப் பின்சீட்டில்தான்.

உங்கள் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ரேடியல் ரோடு மேற்கே பல்லாவரத்திலிருந்து கிழக்கே துரைப்பாக்கத்துக்குப் போகிறது. காலையில் வேலைக்குப் போகும்போது வெயில் உங்கள் முகத்தில் அடிக்கும். சாயங்காலம் சீக்கிரம் கிளம்பிவிட்டால் அப்போதும் முகத்தில்தான். போகவரக் கண் கூசியபடி ஹெல்மெட் கண்ணாடியை இறக்கியிருப்பீர்கள். சூரியன் தினமும் இரண்டு தடவை திசை சொல்லியிருக்கிறது, காது வேறெங்கோ இருந்திருக்கிறது. அன்று மழை, சூரியன் இல்லை, சரி. ஆனால் மேற்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்பது மட்டும் மனதில் இருந்திருந்தால் போதும். இடதுபக்கம் இறக்கிவிட்டார்கள் என்றால் தெற்கே, மேடவாக்கம் பக்கம் போகிறோம். வீடு மேற்கே, கொஞ்சம் வடக்கே. வலதுபக்கம் திரும்ப வாகான தெரு எது வந்தாலும் திரும்பலாம். அண்ணாச்சி சொன்னதும் அதைத்தான்.

அந்த அண்ணாச்சியும் உங்கள் அப்பாவும் பேசுகிற மாதிரிப் பேச்சை ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் 1990களில் தமிழ்நாட்டில் நகரத்தாரையும் கிராமத்தாரையும் ஒப்பிட்டார். நகரத்தில் இடது வலது பேச்சு, கிராமத்தில் கிழக்கு மேற்குப் பேச்சு, மேசை மேல் இருக்கும் சாமானுக்குக்கூட. பேச்சோடு நிற்கவில்லை. ஒரு மேசையில் பொருட்களை வரிசையாகக் காட்டிவிட்டு, ஆளை அப்படியே திருப்பி எதிர்ப்பக்க மேசையில் அதேமாதிரி அடுக்கச் சொன்னால், நகரத்தார் தங்கள் வலதுகைப் பக்கம் இருந்ததை வலதுகைப் பக்கமே வைப்பார்கள். கிராமத்தார் வடக்கே இருந்ததை வடக்கே வைக்கும் பக்கம் சாய்ந்தார்கள். உடம்பு திரும்பினாலும் அவர்கள் மனதில் திசை திரும்பவில்லை. உங்கள் அப்பாவுக்கு மேற்கே மலை இருந்தது, தினமும் நிமிர்ந்தால் தெரிந்தது. அதற்கு மேல் பேசுகிற ஒவ்வொரு வாக்கியத்திலும் பயிற்சி.

நகரத்துக்கு வந்ததும் இதெல்லாம் நமக்கு அற்றுப்போய்விட்டதா என்றால் அப்படியும் இல்லை. உங்கள் ஃபிளாட் எந்தப் பக்கம் பார்த்தது என்று கேட்டால் உடனே சொல்வீர்கள். வீடு பார்க்கப் போகும்போது முதல் கேள்வியே அதுதான். வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பதால் கட்டில் எப்படிக் கிடக்கிறது என்றும் தெரியும். வாஸ்து மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆனால் இந்த ஒரு உபகாரத்துக்காக அதை மன்னிக்கலாம். வாசற்படி தாண்டியதும் இந்த அறிவை ஏன் வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறோம் என்பதுதான் கேள்வி.

பிறவியா, பழக்கமா என்ற உங்கள் கேள்விக்கு லண்டன் டாக்ஸிக்காரர்களைத்தான் காட்ட வேண்டும். நகரின் நடுவே உள்ள சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் தூரத்துக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களை அவர்கள் மனப்பாடம் செய்து பரீட்சை எழுத வேண்டும். மூன்று நான்கு வருடப் படிப்பு. படிப்பவர்களில் பலர் உங்களைப் போல ஸ்கூட்டரில்தான் சுற்றுகிறார்கள், ஹேண்டில்பாரில் மேப்பைச் செருகிக்கொண்டு. எலினோர் மக்வயர் என்பவரும் கேத்தரின் வூலெட்டும் 79 மாணவர்களைப் படிப்பின் தொடக்கத்தில் ஸ்கேன் செய்தார்கள், முடிவில் அவர்களில் திரும்பி வந்தவர்களை மறுபடி ஸ்கேன் செய்தார்கள். தேறியவர்கள் 39 பேர். தொடக்கத்தில் தேறியவருக்கும் தேறாதவருக்கும் மூளையில் வித்தியாசம் தென்படவில்லை. முடிவில் தேறியவர்களுக்கு மட்டும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரிதாகியிருந்தது. 2011இல் வந்த முடிவு இது. வளர்ந்த ஆட்களுக்கே வளர்கிறது என்றால் உங்களுக்கும் வளரும்.

மேப்பை விட்டுவிட வேண்டுமா? வேண்டவே வேண்டாம். யாரையும் கூப்பிடாமல், யார் வண்டியிலும் ஏறாமல், ராத்திரி எட்டு மணிக்கு முன்பின் தெரியாத தெருவுக்குப் பெண்கள் தனியாகப் போய்வருகிறார்கள் என்றால் அதில் அந்த போனுக்கும் பங்கு இருக்கிறது. அந்தக் காலத்தில் நாங்களெல்லாம் வழி கேட்டுத்தான் போனோம் என்று பெருமை பேசுகிற பெரியவர்கள், அப்போது வழி கேட்கத் தெருவில் நின்றவர்களில் எத்தனை பேர் பெண்கள் என்றும் சொல்ல வேண்டும்.

குரலை மட்டும் நிறுத்துங்கள். பழகிய பாதையில் அது தேவையே இல்லை. புது இடம் என்றால் கிளம்பும் முன் முழுப் பாதையையும் விரலால் சுருக்கி ஒருமுறை பாருங்கள். கடல் எந்தப் பக்கம், எந்தப் பெரிய ரோட்டைத் தாண்டுகிறோம், இடத்துக்கு முன்னால் என்ன வருகிறது, அவ்வளவுதான். சென்னையில் இது சுலபம், கிழக்கே கடல் எங்கும் நகராது, ஓஎம்ஆரும் ஈசிஆரும் ஏறக்குறைய அதை ஒட்டியே தெற்கே போகின்றன. திரும்பி வரும்போது மேப் இல்லாமல் முயன்று பாருங்கள், மாட்டிக்கொண்டால் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. நேவிகேஷன் செட்டிங்ஸில் வடக்கை எப்போதும் மேலேயே வைக்க ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுவிடுங்கள். முதலில் எரிச்சலாக இருக்கும், தெற்கே போகும்போது அம்பு கீழ்நோக்கி இறங்கும், இடம் வலம் மாறித் தெரியும். ஆனால் ஊர் உங்களோடு சுற்றாமல் நிலையாக நிற்பதால் படம் மனதில் பதியத் தொடங்கும். முதல் பரிசோதனையைக் கத்திப்பாரா பாலத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். வலதுபக்கம் போக இடதுபக்கம் முக்கால் சுற்று வளைய வேண்டிய இடம் அது. அங்கே பழையபடி அந்தக் குரலையே கேளுங்கள், வடக்கு எது என்று யோசிப்பதற்குள் பின்னால் மாநகரப் பேருந்து வந்து ஹாரன் அடித்துவிடும்.