ஹேங்கர் கூரையிலிருந்து சொட்டுவது மழைக்கசிவு அல்ல

விமானம் நிறுத்தும் ஹேங்கரின் தகரக் கூரையிலிருந்து, மழையே பெய்யாத, வானம் தெளிந்த இரவுகளுக்குப் பிறகுதான் தண்ணீர் சொட்டுகிறது, திருகுகளுக்கெல்லாம் சீலன்ட் வைத்தும் நிற்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் ஓட்டை தேடுவதை விட்டுவிடுங்கள். தகரத்தின் உட்புறம் வியர்க்கிறது. தெளிந்த இரவில் கூரைத் தகரம் வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். உள்ளிருக்கும் ஈரம் அதில் படிந்து, திருகு முனைகளில் திரண்டு, உங்கள் செஸ்னா விமானத்தின் மேல் விழுகிறது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். 18 அங்குலச் சதுர பாலிதீன் தாளைக் கான்கிரீட் தரையில் நாலு பக்கமும் டேப் ஒட்டி, 16 மணி நேரமாவது விடுங்கள். அடியில் நீர் கோத்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ தரைதான் காரணம். கட்டும்போது, மண்ணின் ஈரம் ஏறாமலிருக்க, கான்கிரீட்டுக்கு அடியில் பாலிதீன் விரித்திருக்க மாட்டார்கள். புகைபோக்கி இல்லாத புரொப்பேன் ஹீட்டரை உடனே நிறுத்துங்கள். 1 கிலோ வாயு எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக உள்ளேயே தங்கும்.

மலிவான முதல் வேலை காற்றோட்டம்: கூரை முகட்டிலும் இறவாணத்திலும் திறப்பு, இரண்டும் சேர்ந்து. ஒன்று மட்டும் வைத்தால் காற்று ஓடாது. அதற்கும் அடங்காவிட்டால் தகரத்தோடு ஒட்டும் குளோஸ்டு செல் ஸ்ப்ரே ஃபோம் (தெளித்ததும் நுரைத்து இறுகி, ஈரக்காற்றைத் தகரத்திடம் விடாத பூச்சு) அடியுங்கள். இடைவெளி விட்டு ஸ்டேப்பிள் அடிக்கும் ஃபாயிலுக்கு (பளபளப்பான அலுமினியத் தாள்) காசு செலவழிக்காதீர்கள். ஈரக்காற்று பின்னால் புகுந்து அங்கேயும் வியர்க்கும். ஃபோம் எரியக்கூடியது, அதனால் மேலே தீத்தடுப்புப் பூச்சு வேண்டுமா என்று விமான நிலைய நிர்வாகத்திடம் முன்பே கேட்டுவிடுங்கள்.