மாதவிடாய் என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள், பிள்ளை

பிள்ளை பெற்றுப் பத்துக் கிழமை, இரத்தம் விட்டு விட்டுப் படுகிறது, மாதவிடாய்தான் என்று தொடங்கி எட்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். தலைமயிர் கொட்டுகிறது, வயிறு வற்றவில்லை, நாரி (இடுப்பு) உளைவு, பால் காணாமல் போகுமோ என்று வரிசையாக. எல்லாம் எழுதி முடித்த பிறகு அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: "பெரியம்மாவுக்கும் இப்படி இரத்தம் போய்த்தான் கடைசியில கர்ப்பப்பையை எடுத்தவை." நீங்கள் கேட்க வந்தது அதுதான். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் எனக்கு எழுதிக்கொண்டிருப்பதும் அதனால்தான்.

உங்கள் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வரும் என்று நினைக்க இந்தக் கடிதத்தில் ஒரு காரணமும் இல்லை. பெரியம்மாவுக்கு எடுத்தது ஐம்பது வயதில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை பெற்ற பத்தாம் கிழமையில் அல்ல. அந்தக் கதையை இதற்குள் கொண்டுவராதீர்கள். ஆனால் நாளைக்கே போய் ஸ்கான் செய்யக் காரணம் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்: "இளங்கொடி முழுசா வரேல்லை, கை வைச்சுத்தான் எடுத்தவை."

இளங்கொடி, நச்சுக்கொடி என்பதும் அதைத்தான், அரைக் கிலோ அளவு இருக்கும். பிள்ளை பிறந்து அரை மணித்தியாலத்துக்குள் அநேகமாகத் தானே வந்துவிடும். அதை விரித்து வைத்து எங்காவது துண்டு குறைகிறதா என்று பார்ப்பார்கள். பிய்ந்து பிய்ந்து வந்ததில் எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் நகத்தளவு ஒன்று உள்ளே ஒட்டிக்கொண்டு நிற்கலாம். அதற்கு ஆரையும் குற்றம் சொல்ல ஏலாது. பிள்ளை பிறந்த கையோடு ஒரு கிலோ அளவில் இருக்கும் கருப்பை ஆறு கிழமையில் 100 கிராமுக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. உள்ளே துண்டு நின்றால் அந்த இடம் சரியாகச் சுருங்காது, இரத்தக்குழாயின் வாய் மூடாது. ஒழுகும், நிற்கும், திரும்ப ஒழுகும்.

உங்கள் நாட்கணக்கைப் பாருங்கள். ஐந்தாம் கிழமையில் எல்லாம் நின்றது. ஏழாம் கிழமையில் சிவப்பாகப் பட்டது, பத்து நாள். பிறகு சில நாள் இல்லை. பிறகு கட்டி கட்டியாக. இப்போது பத்தாம் கிழமை, இன்னும் படுகிறது, "கொஞ்சம் மணமும் இருக்கு." பால்மா ஒரு கரண்டியும் கொடுக்காமல் இரவு பகலாகப் பால் கொடுக்கிற தாய்க்கு ஏழாம் கிழமையிலேயே மாதவிடாய் திரும்புவது குறைவு. வராது என்றில்லை. வந்தாலும் அதற்கென்று ஒரு போக்கு உண்டு: வரும், நாலைந்து நாளில் குறையும், போகும். முதல் இரண்டு மூன்று தரம் திகதி தவறலாம், கூடக் குறையப் படலாம். போனது போலப் போய், மணத்தோடு திரும்பி வருவது மாதவிடாயின் குணம் இல்லை. பிள்ளை பிறந்து 12 கிழமை வரைக்கும் அளவு மீறிப் படுகிற இரத்தத்தை நாங்கள் பேற்றுக் கணக்கில்தான் வைப்போம். முப்பத்தோராம் நாள் துடக்கு கழிந்ததோடு எல்லாம் ஆறிவிட்டது என்று மாமி சொல்கிறாராம். துடக்கு முப்பத்தொன்றில் கழியும், சரி. கருப்பைக்குப் பஞ்சாங்கம் தெரியாதே.

இனி அந்தக் குளிசைக் கதை. நல்லூர்த் திருவிழாவுக்கு மாதவிடாயைத் தள்ளிப்போட மச்சாள் வாங்கியதில் மிச்சம் அலுமாரியில் கிடந்தது, எடுத்து நாலு நாள் போட்டேன், நின்றது, விட்டு இரண்டாம் நாள் முன்னையை விடக் கூடப் போனது என்கிறீர்கள். நின்றதும் குளிசையால், கூடப் போனதும் குளிசையால். அந்த ஹோர்மோன் கருப்பையின் உட்சவ்வைத் தாங்கிப் பிடிக்கும். விட்டால் இரண்டு மூன்று நாளில் சவ்வு கழன்று வரும். அதைப் பார்த்து மாதவிடாய் என்று நீங்களே பெயரும் வைத்துவிட்டீர்கள். உள்ளே துண்டு இருந்தால் அதற்கு இது மருந்தே இல்லை. மூடி மறைக்கும், அவ்வளவுதான். 25 நாள் திருவிழா நெருங்க நெருங்க இந்தக் குளிசை தேடி மருந்துச்சீட்டும் இல்லாமல் பாமசிக்குப் போகிறவர்களை வருடா வருடம் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. பிள்ளை பிறந்த உடம்பில், கால் நாளத்தில் இரத்தம் உறையும் ஆபத்துக் கூடிய காலத்தில், மற்றவரின் மட்டையில் இருந்து எடுத்துப் போடுவது அதைவிட மோசம். கெண்டைக்காலில் வீக்கமோ நோவோ வந்தால் அதையும் சொல்லுங்கள். மிச்சக் குளிசையை எறியாமல் மட்டையோடு கொண்டுபோய், எந்தத் திகதியில் எத்தனை போட்டீர்கள் என்று சொல்லுங்கள். யூரியூப்பில் பார்த்ததைச் சொல்ல வேண்டாம்.

கிளினிக் கொப்பியும் வாட்டில் இருந்து வீட்டுக்கு விடும்போது தந்த கார்ட்டும் கையில் இருக்கட்டும். பிள்ளை பெற்ற ஆஸ்பத்திரியே நல்லது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குத்தான் என்று அலைய வேண்டாம். பருத்தித்துறை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைகள் கிட்ட என்றால் அங்கே போங்கள். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள், ஸ்கான் செய்வார்கள், இரத்தம் எடுப்பார்கள். சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள், திகைக்காதீர்கள். இளங்கொடியின் ஹோர்மோன் இந்நேரம் உடம்பை விட்டுப் போயிருக்க வேண்டும். இன்னும் காட்டினால் உள்ளே ஏதோ நிற்கிறது, அல்லது திரும்பக் கரு தங்கியிருக்கிறது. இளங்கொடிக் கலங்கள் தாமாகப் பெருகுகிற ஒரு நோயும் மிக அரிதாக உண்டு. அதுவும் இதிலேயே பிடிபடும், நேரத்தோடு பிடித்தால் பெரும்பாலும் மருந்தாலேயே மாறும்.

துண்டு சின்னதென்றால் மருந்தோடு விட்டுப் பார்ப்பார்கள். கிருமி பிடித்திருந்தால் அன்டிபயோட்டிக். பெரிதென்றால் மயக்கம் கொடுத்து உறிஞ்சி எடுப்பார்கள். பேற்றுக்குப் பிறகு கருப்பை மெத்தென்று இருக்கும். பலமாகச் சுரண்டினால் உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போகவும் இடம் உண்டு. அதனால் "கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்" என்று நிபுணர் சொன்னால், பார்க்கப் பஞ்சிப்படுகிறார் என்று நினைத்து வேறு இடத்துக்கு ஓடாதீர்கள்.

நாளைவரை பொறுக்காத நிலை ஒன்று இருக்கிறது. ஒரு பாட் ஒரு மணித்தியாலத்துக்குள் முழுதாக நனைந்து, அடுத்ததும் அப்படியே நனைந்தால், தேசிக்காயை விடப் பெரிய கட்டி விழுந்தால், நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், எழும்ப முடியாமல் தலை சுற்றினால், நடுச்சாமம் என்றாலும் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் வரும். பழைய வேட்டித் துணிதான் வைக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். துணியில் அளவு பிடிபடாது. போய்ச் சேரும்வரை பாட் வைத்து, மாற்றுகிற நேரத்தைக் குசினிக் கலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

கிணற்றடியில் இருந்து வாளி தூக்கி வர மூச்சு வாங்குகிறது என்பதை நாரி உளைவோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அது வேறு, இரத்தம் குறைந்திருக்கிறது என்று நினைக்கிறேன். கிளினிக்கில் தந்த இரும்புச்சத்துக் குளிசையை, மலம் கறுப்பாகப் போகிறது என்று நிறுத்தியிருக்கிறீர்கள்! இரும்பு போட்டால் கறுப்பாகத்தான் போகும், திரும்பத் தொடங்குங்கள். தேசிக்காய்த் தண்ணியோடு போடுங்கள். தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள்.

மற்றவை: தலைமயிர் மூன்றாம் நாலாம் மாதத்தில் அநேகருக்குக் கொட்டும், வருடம் திரும்பமுன் முளைக்கும், எண்ணெய் மாற்றிப் பிரயோசனம் இல்லை. வயிறு ஒன்பது மாதம் எடுத்து வந்தது, பத்துக் கிழமையில் போகாது. துணியால் இறுக்கிக் கட்டுவதை விட்டு நடவுங்கள். இரத்தம் பட்டால் பால் பழுதாகும் என்பது சும்மா கதை. துடக்கு உங்களுக்கு இருக்கலாம், பாலுக்கு இல்லை. மாமியின் சரக்குக்கறி தாராளமாகச் சாப்பிடலாம், உறைப்பு அவரவர் வயிறு தாங்குகிற அளவுக்கு.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பிள்ளையையும், பிள்ளையைப் பார்க்க மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாட்டில் மறித்தாலும் பால் கொடுக்கலாம். மயக்க மருந்து என்றால் எப்போது திரும்பக் கொடுக்கலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். இரத்தம் படத் தொடங்கிய பிறகு "பால் குடுக்கிறன், பிள்ளை தங்காது" என்று நம்பியிருக்க முடியாது. கருத்தடையைப் பற்றி, ரிப்போட் கைக்கு வந்ததும் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் கதையுங்கள்.