அப்டேட் நின்றுபோன பழைய போனில் திறந்த மூல இயங்குதளம் போடலாமா?

சேலம் ஐந்து ரோட்டில் ஒரு கடையில் "இதுக்கு இனி அப்டேட் வராது, புதுசு வாங்கிக்கோங்க" என்றார்களாம், வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் உண்டு. நல்ல நிலையில் உள்ள போனைக் குப்பையாக்க வேண்டியதில்லை.

ஆண்ட்ராய்டின் அடித்தளமே திறந்த மூலம்தான், அதாவது நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். கீழே லினக்ஸ் கெர்னல் என்ற மையக்கரு, அதன்மேல் கூகுள் வெளியிடும் ஏஓஎஸ்பி (ஆண்ட்ராய்டு திறந்த மூலத் திட்டம்) நிரல். பிளே ஸ்டோர், ஜிமெயில் போன்றவை அதில் சேராது; அவை மூடிய செயலிகள். நிரல் திறந்திருப்பதால், கம்பெனி கைவிட்ட மாடலுக்கும் தன்னார்வலர்கள் புதிய பதிப்பு தயாரிக்கிறார்கள். லினேஜ் ஓஎஸ் அப்படிப்பட்டது. சயனோஜென்மாட் என்ற முந்தைய மாற்று ஆண்ட்ராய்டு 2016 டிசம்பரில் நின்றபோது அதன் தொடர்ச்சியாகப் பிறந்தது. உபுண்டு டச் வேறு ரகம்; அது ஆண்ட்ராய்டு அல்ல, போனுக்கான லினக்ஸ் இயங்குதளம். அதை உருவாக்கிய கனோனிக்கல் நிறுவனம் 2017-இல் கைவிட, யூபிபோர்ட்ஸ் சமூகம் எடுத்து நடத்துகிறது. ஆண்ட்ராய்டு செயலிகள் அதில் நேரடியாக ஓடாது. முதல்முறை என்றால் லினேஜே போதும் என்பேன்.

முதலில் உங்கள் மாடல் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். ஒரே பெயரில் வரும் போன்களுக்குள்ளும் சிப் மாறும். தவறான கோப்பை ஏற்றினால் போன் எழவே எழாமல் போகலாம். புதிய இயங்குதளம் ஏற்ற, போனை எழுப்பும் பூட்லோடர் என்ற நிரலின் பூட்டைத் திறக்க வேண்டும்; திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும், படங்களை முன்பே நகலெடுங்கள். சில வங்கி, யுபிஐ செயலிகள் இயங்க மறுக்கும். பணம் அனுப்புவது அந்த ஒரே போனில்தான் என்றால் செய்யாதீர்கள்.

பிறகு எஃப்-டிராய்டு என்ற திறந்த மூலச் செயலிக் கடை வழியாக ஓஎஸ்எம்ஆண்ட் என்ற வரைபடச் செயலியைப் போட்டு, வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். ஏற்காடு மலைப்பாதையில் சிக்னல் போனாலும் வழி காட்டும்.