அணையாத சிவப்பு விளக்கு: பழைய கார்களின் பிரேக் பற்றிய கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முப்பது ஆண்டுகளாகப் பழைய கார்களைப் பழுதுபார்த்து வருகிறேன். இவ்வாரம் வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): ஐயா, எனது 2003-ஆம் ஆண்டு டொயோட்டா டாஸ் காரின் டாஷ்போர்டிலுள்ள சிவப்பு பிரேக் எச்சரிக்கை விளக்கு முதலில் வளைவுகளில் மட்டும் மின்னியது. இப்போது ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இறக்கினாலும் அணைவதில்லை. பிரேக் ஆயில் ஊற்றினால் போதுமா?

பதில்: தயவுசெய்து உடனே ஊற்றிவிடாதீர்கள். வளைவில் ஆயில் ஒரு பக்கமாகச் சாயும்போது ஆயில் டப்பாவிலுள்ள மிதவை இறங்கியதால்தான் விளக்கு மின்னியிருக்கிறது. ஆகவே உங்கள் காரில் ஆயில் குறைந்திருக்கிறது. பிரேக் ஆயில் பெட்ரோலைப் போலச் செலவாகும் பொருள் அன்று. ஒன்று, முன் சக்கரங்களின் பேட்கள் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுத் துண்டுகள்) தேயத் தேய, அவற்றைத் தள்ளும் பிஸ்டன்கள் வெளியே நகர்ந்து, அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கியிருக்க வேண்டும், அல்லது எங்கோ கசிந்திருக்க வேண்டும். பேட்டின் உராயும் பகுதி 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்திருந்தால் பேட்டை மாற்றுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியதும் ஆயில் மட்டம் தானாகவே ஏறிவிடும். முன்னரே ஊற்றி நிரப்பியிருந்தால் அது வழிந்து பெயின்ட்டை அரித்துவிடும்.

பேட்கள் தடிமனாக இருந்தால் கசிவைத் தேட வேண்டும். பின் சக்கரத்தின் டிரம்மைக் கழற்றி, பிரேக் ஷூக்களை டிரம்மின் உட்புறம் அழுத்தும் வீல் சிலிண்டரின் ஓரத்திலுள்ள ரப்பர் உறையை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் மெதுவாக நெம்பிப் பாருங்கள். உள்ளே லேசான ஈரம் இருக்கலாம். ஆனால் சொட்டாக வழிந்தால் அந்தச் சிலிண்டரின் ஆயுள் முடிந்தது. ஆயிலில் ஊறிய பிரேக் ஷூக்களைத் துடைத்து மீண்டும் பொருத்தக் கூடாது. இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். டிரம்மின் வெளிப்புறம் காய்ந்திருந்ததைக் கண்டு நானே ஒருமுறை உள்ளே பார்க்காமல் விட்டுவிட்டேன். அந்தக் கார் ஒரு வாரத்தில் மீண்டும் என்னிடம் வந்தபோது, இடது ஷூ முழுவதும் ஆயிலில் நனைந்து கறுத்திருந்தது. அந்தக் குடும்பம் அதே காரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தது என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

கேள்வி (ஃபீனிக்ஸ்): ஆயில் நிறைவாக உள்ளது, பேட்களும் புதியவை. விளக்கு மட்டும் அணையவில்லை.

பதில்: சாவியைத் திருப்பி வைத்து, ஆயில் டப்பாவிலுள்ள வயர் பிளக்கைக் கழற்றுங்கள். விளக்கு அணைந்தால் மிதவை சிக்கியிருக்கிறது அல்லது அதன் ஸ்விட்ச் கெட்டிருக்கிறது. அணையாவிட்டால் ஹேண்ட் பிரேக் லீவரின் அடியிலுள்ள சிறு ஸ்விட்சின் வயரைக் கழற்றிப் பாருங்கள். பழைய கார்களில் அது இடம் பிசகியிருப்பதை அடிக்கடி காண்கிறேன்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): அண்ணா, மாதந்தோறும் ஆயில் குறைகிறது. நான்கு சக்கரங்களிலும் கசிவு இல்லை என்று மெக்கானிக் சொல்கிறார். அது எங்கே போகிறது?

பதில்: தங்கையே, பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் பின்புற சீல் தேய்ந்தால், ஆயில் வெளியே தெரியாமல், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டருக்குள் இறங்கும். சிலிண்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளைத் தளர்த்திச் சற்று முன்னால் இழுத்து, பூஸ்டரின் வாயை வெள்ளைத் தாளால் துடைக்கச் சொல்லுங்கள்; தாள் நனைந்தால் விடை கிடைத்துவிட்டது. சிக்னலில் நிற்கும்போது மிதித்த பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது என்றால், அதே சிலிண்டரின் உட்புற சீல்களும் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. அந்நிலையில் காரை ஓட்ட வேண்டாம்.

கேள்வி (வெருலம்): பிரேக் விளக்கும் பேட்டரி விளக்கும் ஒன்றாக எரிகின்றன.

பதில்: பழைய ஜப்பானியக் கார்கள் சிலவற்றில் ஆல்டர்னேட்டர் பேட்டரியைச் சார்ஜ் செய்யாதபோது இரண்டும் சேர்ந்தே எரியும். பிரேக் ஆயில் சரியாக இருந்தால், முதலில் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் சோதியுங்கள்.

கேள்வி (பைன்டவுன்): ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் பெடல் பஞ்சுபோல் ஆகிவிட்டது, ஆனால் விளக்கு எரியவே இல்லை. எப்படி?

பதில்: மிதவைக்கு ஆயிலின் மட்டம் மட்டுமே தெரியும், அதன் தரம் தெரியாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. பிரேக் ஆயிலுக்கான டாட் 4 என்ற தரத்தின்படி புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது; ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் ஓயாமல் பிரேக் மிதித்தால் அந்த வெப்பத்தை எட்டி, ஆயிலில் ஆவிக்குமிழிகள் உண்டாகும். பெடல் அவற்றைத்தான் அமுக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்றுங்கள். சிலிக்கானால் ஆன டாட் 5-ஐ மட்டும் இதனுடன் கலக்காதீர்கள். ஃபீல்ட்ஸ் ஹில்லின் மேலேயுள்ள குளூஃப் பக்கமிருந்து வரும்போது, இறக்கம் தொடங்குமுன்பே வேகத்தைக் குறைத்துக் கீழ் கியருக்கு மாறிவிடுங்கள்.