“நான் ஆர், சொல்லு பாப்பம்” என்று இனிக் கேட்க வேண்டாம்

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. ஐந்து மாதத்துக்கு முன்னர் பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் மோட்டார் சைக்கிளில் வரும்போது டிப்பர் அடித்து மூளையில் கடுமையான காயம். யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை செய்து மண்டையோட்டின் வலப்பக்க எலும்பை எடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் நினைவில்லாமல் கிடந்தான். இப்போது வீட்டில் இருக்கிறான். இடது கையும் காலும் பலமில்லை. மூக்குக் குழாய் எடுத்தாயிற்று. தேத்தண்ணி குடித்தால் இருமுகிறான். ஒருமுறை வலிப்பு வந்தது. பின்னேரமானால் கத்துகிறான், கெட்ட வார்த்தை சொல்கிறான், எனக்கும் அடிக்கிறான். பார்க்க வருகிற சனம், “விடாமல் பயிற்சி குடுத்தால்தான் கெதியாய்ச் சரிவரும்” என்கிறார்கள். இவரோ இரண்டு ஏக்கர் வயலை விற்று இந்தியாவுக்குக் கொண்டுபோய் ஸ்ரெம் செல் ஊசி போடுவம் என்கிறார். மகள் உயர்தரம் படிக்கிறாள், இரண்டு மாதமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. நான் என்ன செய்ய?
– ஒரு தாய், தர்மபுரம்

பதில்:

அன்புள்ள அம்மா,

வயலை விற்க வேண்டாம். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், விற்ற காணி திரும்பி வராது. மூளைக் காயத்துக்கு ஸ்ரெம் செல் (குருத்தணு) ஊசி இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. அதைச் சிகிச்சை என்று சொல்லிக் காசு கேட்கிறவர் எந்த நாட்டில் இருந்தாலும் நம்பாதீர்கள். எடுத்த எலும்பைத் திரும்ப வைக்கும் சத்திரசிகிச்சையை இங்கேயே அரச வைத்தியசாலையில் செய்வார்கள். மகனுக்கு இப்போது தேவையான மற்ற வேலைகளில் முக்கால்வாசி உங்கள் வீட்டு விறாந்தையில் நடக்க வேண்டியவை.

ஐந்தாம் மாதம் முக்கியமான காலம். கடுமையான மூளைக் காயத்தில் முதல் ஆறு மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாகத் தெரியும். பிறகு வேகம் குறையும், ஆனால் நின்றுவிடாது. இரண்டு வருடம் கழிந்தும் புதிதாக ஒன்றைப் பழகுகிறவர்கள் இருக்கிறார்கள். மகன் முழுவதும் பழையபடி வருவாரா என்று இப்போது ஒருவராலும் சொல்ல முடியாது. வராமல் போகவும் கூடும். அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எங்களுக்கு மனமில்லை.

“விடாமல் பயிற்சி” என்ற பேச்சுத்தான் உங்கள் வீட்டில் இப்போது அதிகம் கெடுதல் செய்கிறது. காயப்பட்ட மூளை மிகக் கெதியாகக் களைத்துவிடும். முகம் கழுவுவது, எதிரில் இருப்பவர் யார் என்று யோசிப்பது, ரீவிச் சத்தத்துக்கு நடுவே உங்கள் குரலைப் பிரித்துக் கேட்பது எல்லாமே அவருக்கு வேலை. காலையில் இருந்து சேரும் களைப்புத்தான் பின்னேரம் கத்தலாக வெளியே வருகிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி அடிபட்டால் கோபத்துக்கும் வாய்க்கும் தடை போடும் ஆற்றல் குறைந்துவிடும். உங்களுக்கு அடிப்பது அவர் வளர்ப்பின் பிழையும் இல்லை, பேய்க்குணமும் இல்லை.

ஆகவே பயிற்சியை 10 முதல் 15 நிமிடத் துண்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் அரை மணித்தியாலம் ரீவி, ரேடியோ, போன் இல்லாத ஓய்வு. கடினமானவற்றைக் காலை வெயில் ஏறமுன் முடியுங்கள். மத்தியானம் ஒரு நித்திரை. பார்க்க வருகிறவர்கள் ஒரு நேரத்தில் இரண்டு பேர், கால் மணித்தியாலம். நாலு மணிக்குப் பிறகு ஒருவரும் வேண்டாம். சனம் குறை நினைக்கும்தான். கிளினிக்கில் அப்படிச் சொல்லிவிட்டார்கள் என்று சொல்லுங்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் கட்டிலடியில் நின்று, “தம்பி, நான் ஆர், சொல்லு பாப்பம்” என்று கேட்பார்கள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். இந்த நிலையில் அவர் பிழையான பெயரைச் சொன்னால் அந்தப் பிழையே மனதில் பதியும், அடுத்த முறையும் அதுதான் வாயில் வரும். தெரியாவிட்டால் அவமானம், அதன்பின் கோபம். விடையைக் கையில் கொடுத்துவிட்டுக் கதையுங்கள்: “தம்பி, நான் சித்தி. விசுவமடுவில இருந்து வந்திருக்கிறன்.” அவ்வளவுதான். அவர் பார்க்கும் சுவரில் பெரிய எழுத்துக் கலண்டரும் மணிக்கூடும் இருக்கட்டும். குடும்பப் படங்களின் கீழ் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

எந்த வேலையைப் பழக்கும்போதும் இதே முறைதான். சேட் போடுவதைப் பாருங்கள். நல்ல முதுகுள்ள கதிரையில், இரண்டு பாதமும் நிலத்தில் பட இருக்க வேண்டும். சேட்டை விரித்து மடியில் வையுங்கள், கழுத்துப்பட்டி நெஞ்சுப் பக்கம், உட்பக்கம் மேலே. முதலில் பலமில்லாத இடது கை. அவருடைய வலது கையின் மேல் உங்கள் கையை வைத்து, அந்தக் கையாலேயே இடது கையைச் சட்டைக்கைக்குள் விட்டு முழங்கை தாண்டி இழுக்க வையுங்கள். பிறகு முதுகுப் பக்கமாகச் சுற்றி வலது கை. கழற்றும்போது வலது கை முதலில். ஒவ்வொரு படிக்கும் ஒரே சொல், தினமும் அதே சொல், அதே ஒழுங்கு. நீங்கள் “இடது கை” என்றால் மகளும் “இடது கை” என்றே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் பத்து எண்ணும்வரை பொறுங்கள். விளங்கிச் செய்யத் தொடங்க அவ்வளவு நேரம் எடுக்கும். இடையில் இன்னொருவர் வேறு விதமாகச் சொன்னால் அவர் திரும்பவும் முதலில் இருந்து யோசிக்க வேண்டும். சரியாக வரத் தொடங்கியதும் கடைசிப் படியில் இருந்து உங்கள் கையை எடுங்கள், பிறகு அதற்கு முந்திய படி.

வலப்பக்க மூளை அடிபட்டவர்களுக்கு இடப்பக்கத்தையே மறக்கும் குறை வரலாம். கோப்பையின் வலது பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு இடது பாதியை அப்படியே விடுகிறாரா என்று பாருங்கள். அப்படியென்றால் கண்ணில் பிழையில்லை, கவனம் அந்தப் பக்கம் போகவில்லை. கோப்பையின் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு நாடா ஒட்டி, “சிவப்பைத் தேடு” என்று பழக்குங்கள். கதைக்கும்போது இடப்பக்கம் இருந்து கதையுங்கள். ஆனால் தண்ணீரும் கூப்பிடும் மணியும் வலது கைக்கு எட்டவேண்டும்.

தூக்கும்போது அந்த இடது கையைப் பிடித்தோ கமக்கட்டுக்குள் கையை விட்டோ இழுக்காதீர்கள். பலமில்லாத தோள் மூட்டு கழன்று, பிறகு மாதக் கணக்கில் நோகும். இருக்கும்போது கையைத் தலையணையில் தாங்கி வையுங்கள். கை கால் மடக்கி நீட்டும் பயிற்சி மெதுவாக, நோகாத அளவில்தான். பலவந்தமாக மடக்கினால் மூட்டைச் சுற்றி எலும்பு வளரும் ஆபத்தை அது கூட்டலாம். முழங்கையோ இடுப்போ சூடாகி வீங்கி, போன கிழமை மடங்கிய அளவு இப்போது மடங்கவில்லை என்றால் எண்ணெய் போட்டு உருவ வேண்டாம், வைத்தியரிடம் காட்டுங்கள்.

தேத்தண்ணிக்கு இருமுவதை லேசாக எடுக்காதீர்கள். மெல்லிய திரவம் வேகமாக ஓடுவதால் தொண்டை மூடமுன் சுவாசக் குழாய்க்குள் போகிறது. காய்ச்சலும் சளியும் அதனால்தான் வரும். சிலருக்கு இருமலே வராமல் உள்ளே போகும். குடித்தபின் குரல் ஈரமாக, கரகரவென்று கேட்டால் அதுதான் அடையாளம். பேச்சு சிகிச்சையாளர் பார்த்து எவ்வளவு தடிப்பு என்று சொல்லும்வரை தண்ணீர், வெறுந்தேத்தண்ணி, சோடாவைத் தடிப்பாக்காமல் கொடுக்க வேண்டாம். ஒரு கிளாசுக்கு, அதாவது 200 மில்லிலீற்றருக்கு, இரண்டு தேக்கரண்டி கோர்ன் பிளவர் மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து, தேத்தண்ணியோடு கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். கரண்டியைச் சரித்தால் மெதுவாக வடிய வேண்டும். வாய் வைத்த கரண்டியைத் திரும்பவும் முழுப் பாத்திரத்துக்குள் விட்டால் எச்சில் அந்த மாவைக் கரைத்து, கொஞ்ச நேரத்தில் பழையபடி தண்ணீராக்கிவிடும். அதனால் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

சோறும் சொதியும் வீட்டில் எல்லோரும் நினைக்கிற இலகுவான சாப்பாடு; அவருக்கு அதுதான் கடினம். சொதி முதலில் ஓடும், சோறு வாயில் நிற்கும். சோற்றையும் பருப்பையும் ஒன்றாகக் குழைய மசித்துக் கொடுங்கள். குரக்கன் கூழ் நல்லது. உதிரும் புட்டும் பிஸ்கற்றும் இப்போது வேண்டாம். நிமிர்ந்து இருந்து, நாடியைச் சற்றுக் கீழே பதித்து, ஒரு வாய் முழுதும் விழுங்கியபின் அடுத்த வாய். சாப்பிட்டபின் அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது. இடது கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கும், பிரஷால் எடுங்கள், விரலை விடாதீர்கள். காலையும் இரவும் பல் துலக்குவது நெஞ்சுச் சளியைக் குறைக்கும்.

திரும்பவும் வலிப்பு வந்தால் நேரத்தைப் பாருங்கள். இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, எலும்பில்லாத வலப்பக்கம் எதிலும் இடிபடாமல் துணி வைத்துத் தாங்குங்கள். வாய்க்குள் கரண்டியோ துணியோ வைக்க வேண்டாம். கையில் திறப்பு, இரும்பு கொடுப்பதால் ஒரு பலனும் இல்லை, பிடித்து அமத்தவும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால், அல்லது ஒன்று முடிந்து தெளியமுன் அடுத்தது வந்தால் 1990 க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வலிப்புக் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கிளினிக் திகதி தவறி இரண்டு நாள் குளிசை இல்லாமல் போவதுதான் திரும்ப வலிப்பு வரப் பொதுவான காரணம். வலிப்பு இருக்கும்வரை கட்டுக் குறைந்த கிணற்றடியில் தனிய விட வேண்டாம், குளத்தில் குளிப்பு இல்லை. லாண்ட்மாஸ்ரர், மோட்டார் சைக்கிள் திறப்புகளை மறைத்து வையுங்கள். காலில் கொஞ்சம் பலம் வந்த அன்றே வண்டியில் ஏறப் பார்ப்பார். வயல் மருந்துப் போத்தல், கத்தி எல்லாம் பூட்டுக்குள். கூட்டாளிமார் அன்பில் கள்ளுக் கொண்டு வந்தால் வாசலிலேயே திருப்புங்கள், மதுவும் வலிப்பும் சேரக் கூடாது.

எலும்பில்லாத பக்கம் படுக்க வைக்கக் கூடாது. “வலப்பக்கம் எலும்பு இல்லை” என்று கட்டில் தலைமாட்டில் எழுதி ஒட்டுங்கள். எழும்பி நிற்கும்போது தலைக்கவசம். எலும்பு வைக்கும் திகதியைக் கிளினிக்கில் விடாமல் கேளுங்கள். நிமிர்ந்து இருக்கும்போதும் அந்த இடம் புடைத்து இறுகியிருந்தால், சத்தி எடுத்தால், வழமையை விட நித்திரைத் தூக்கமாக இருந்தால் அன்றே வைத்தியசாலை. இன்னொன்றையும் கவனியுங்கள்: முன்னேறிக்கொண்டு வந்தவர் நின்று, பிறகு பின்னால் போனால், நடை தடுமாறி, அறியாமல் சிறுநீர் போகத் தொடங்கினால், மூளைக்குள் நீர் தேங்கியிருக்கலாம். ஸ்கானில் தெரியும், சிகிச்சையும் உண்டு. பஞ்சிப்படுகிறார் என்று நினைத்து இதைக் கோட்டைவிடக் கூடாது.

கத்தல் திடீரென்று கூடினால் முதலில் மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, பல் வலி, காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். சொல்லத் தெரியாத நோவு கோபமாக வரும். அடிக்க வந்தால் இரண்டு அடி பின்னால் போங்கள், தர்க்கம் வேண்டாம், கையைப் பிடிக்க வேண்டாம். லைற்றைக் குறைத்து ஒருவர் மட்டும் மெதுவாகக் கதையுங்கள். பாமசியில் நித்திரைக் குளிசை வாங்கிக் கொடுக்க வேண்டாம். சில மருந்துகள் மூளை தேறுவதையே பின்தள்ளும்.

மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் புனர்வாழ்வு மருத்துவப் பிரிவு இருக்கிறது. கிளிநொச்சியில் கிளினிக் காட்டும்போது அங்கே அனுப்பும் கடிதம் கேளுங்கள். தேவையென்றால் ராகம புனர்வாழ்வு வைத்தியசாலைக்கும் அனுப்புவார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு எழுதினால் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: 2009 போரில் சின்ன வயதில் பட்ட செல் பீஸ் (குண்டுச் சிதறல்) உடம்பில் ஏதும் இருக்கிறதா என்று. அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கும். சாதாரண சீ.ரி. ஸ்கானுக்கு அந்தப் பயம் இல்லை.

அப்பாவுக்கு ஒரு வேலை. டிப்பருக்குக் காப்புறுதி இருக்கும். விபத்து நட்டஈட்டு வழக்குப் போட 2 வருடம்தான் காலம், அதில் ஐந்து மாதம் போய்விட்டது. பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, வைத்தியசாலை விடுவிப்புச் சீட்டு, பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டுக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழுவில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே கட்டணமில்லாமல் பார்ப்பார்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கும் சக்கர நாற்காலிக்கும் விண்ணப்பியுங்கள். உறவினர் யாரும் உதவ முன்வந்தால், அந்தக் காசில் கொமேட் கதிரையும், வாசல்படிக்கு ஒரு சாய்தளமும், கிழமையில் மூன்று இரவு கண்விழிக்க ஒரு ஆளும் கேளுங்கள். அந்த மூன்று இரவும் நீங்கள் வேறு அறையில் படுக்க வேண்டும். உங்கள் நாரி முறிந்தால் அவரைத் தூக்க ஆள் இல்லை.

மகளை வருகிற திங்கட்கிழமையே பள்ளிக்கூடம் அனுப்புங்கள். அவள் காலையில் செய்கிற வேலையை அப்பா செய்யலாம். சேட் போடும் ஒழுங்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். ஓய்வு நாட்களில் காலை பத்து மணிபோல, மகன் களைக்கமுன், தங்கச்சி கால் மணித்தியாலம் அண்ணாவோடு கரம் விளையாடட்டும். காய்களை இடது பக்கமாக வைக்கச் சொல்லுங்கள்.