சாட்சி சொல்லட்டுமா?

வணக்கம் அண்ணா,

நான் பழைய வண்ணாரப்பேட்டை. போன மாதம் எங்கள் சபை வாலிபர்கள் 9 பேர் இலங்கைக்கு ஊழியத்துக்குப் போனோம். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 3 நாள் ஜெபக்கூட்டம். கடைசி ராத்திரி கொழுந்து பறிக்கிற ஒரு பாட்டி தடி ஊன்றி வந்தார். பாஸ்டர் முழங்காலில் கைவைத்து ஜெபித்ததும் தடியைப் போட்டுவிட்டு மேடையின் அந்தக் கோடி வரை நடந்தார். பக்கத்திலேயே நின்ற நான் அழுதுவிட்டேன். இதை வரும் ஞாயிறு ஆராதனையில் சாட்சியாகச் சொல்லச் சொல்கிறார்கள். மொசாம்பிக்கில் விஞ்ஞானிகளே இதை நிரூபித்துவிட்டதாகவும் சொல்கிறார்கள். இதற்கு நடுவில் என் அத்தை, ‘அப்போ நானும் சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டு விசுவாசத்துல நிக்கட்டுமா?’ என்கிறார். நான் சாட்சி சொல்லட்டுமா, வேண்டாமா?

ஜே.

அன்புள்ள ஜே.,

பாட்டி நடந்தார், நீங்கள் பார்த்தீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வலி ஒரு விசித்திரமான சங்கதி. காசிமேட்டில் கையைக் கிழித்துக்கொண்டவர் வலையை இழுத்து முடித்த பிறகுதான் ‘ஐயோ’ என்பார். அத்தனை பேர் தனக்காக மன்றாடும் இடத்தில், பாட்டும் கைத்தட்டலுமாக இருக்கும்போது, ஒரு கிழவியின் முழங்கால் வலி சில மணி நேரம் அடங்கிப்போவதில் ஆச்சரியம் இல்லை. மறுநாள் காலை அவர் கூடையோடு மலை ஏறினாரா, தடியைத் தேடினாரா? அதற்குள் நீங்கள் விமான நிலையத்துக்குக் கிளம்பியிருப்பீர்கள்.

வெளியூர் அற்புதங்களில் எனக்குள்ள சிக்கலே இதுதான். தண்டையார்பேட்டையில் சாட்சி சொன்னவரை இரண்டு நாள் கழித்து ரேஷன் கடை வரிசையில் பார்த்துவிடலாம். ஹட்டன் பாட்டியை எங்கே பார்ப்பது?

என் தாய்மாமன் ராயபுரத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர். காசநோய் வந்தது. 6 மாதம் மாத்திரை சாப்பிடச் சொன்னார்கள். இரண்டாம் மாதமே இருமல் நின்று, முகத்தில் களை வந்துவிட்டது. அந்த நோய்க்கு மருந்து அப்படித்தான் வேலை செய்யும். கிருமி முழுக்கச் சாவதற்கு முன்பே ஆள் தேறிவிடுவார். அந்த நேரம் பார்த்து ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனார். ஜெபித்தார்கள். மேடையேறி, ‘கர்த்தர் என்னை முழுசா சுகமாக்கிட்டார்’ என்றார். நான் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். எல்லோரையும் விடச் சத்தமாக அல்லேலூயா சொன்னது நான்தான். வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையைத் தூக்கிப்போட்டார். ஐந்தாறு மாதத்தில் ரத்தமாகத் துப்பினார். இந்த முறை சாதாரண மாத்திரை கேட்கவில்லை. ஊசி, நீண்ட வைத்தியம், காது பாதி போய்விட்டது. உயிர் பிழைத்தார். அந்தக் கதையைச் சொல்ல யாரும் அவருக்கு மைக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை, வெட்கம்.

பெரம்பூர் லூர்து மாதா கோயில் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அதன் மூலத்தலமான பிரான்சின் லூர்து நகரில், சுகம் கிடைத்தது என்று வருகிறவர்களை விசாரிக்கவே 1883 முதல் மருத்துவர்களின் அலுவலகம் ஒன்று நடக்கிறது. நோய் இருந்ததற்கு முன்கூட்டியே ஆதாரம் வேண்டும், மருந்தால் குணமாகியிருக்கக் கூடாது, வருடக்கணக்கில் திரும்ப வரக் கூடாது. இதுவரை பதிவானவை 7000-க்கும் மேல். அற்புதம் என்று திருச்சபை ஏற்றவை 70-ஐச் சற்றே தாண்டும். அற்புதத்தை நம்புகிறவர்களே இவ்வளவு கஞ்சத்தனம் காட்டுகிறார்கள்!

மொசாம்பிக் ஆய்வு உண்மையில் நடந்ததுதான். 2010-இல் கேண்டி குந்தர் பிரவுன் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் குழு வெளியிட்டது. காது கேட்பதிலோ பார்வையிலோ குறையுள்ள 24 பேரை ஜெபத்துக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். பலருக்கு முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஜெபிக்கப்படாத இன்னொரு குழுவோடு ஒப்பிடவில்லை. அப்படி ஒப்பிட்ட பெரிய ஆய்வு அமெரிக்காவில் 2006-இல் வந்தது. இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1802 பேர். முன்பின் தெரியாதவர்கள் தூரத்திலிருந்து செய்த ஜெபத்தால் பலன் எதுவும் தெரியவில்லை. தமக்காக ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்குச் சிக்கல்கள் கொஞ்சம் கூடவே வந்தன. நிலைமை அவ்வளவு மோசமோ என்று பயந்துவிட்டார்களோ என்னவோ. கைவைத்து ஜெபிப்பது வேறு, தூர ஜெபம் வேறு என்று உங்கள் பாஸ்டர் சொல்வார். நியாயம்தான். ஆனால் ‘நிரூபித்துவிட்டார்கள்’ என்ற வார்த்தையை அவர் விட்டுவிட வேண்டும்.

பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று அவரே எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொல்கிறார். பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா?

சரி, சாட்சி சொல்லுங்கள். கண்ணால் பார்த்தது வரை சொல்லுங்கள்: தடியைப் போட்டார், நடந்தார், நான் அழுதேன். ‘சுகமானார்’ என்று சொல்வதற்கு முன்னால் அந்தத் தோட்டத்துப் பாஸ்டருக்கு ஒரு போன் போட்டு, பாட்டி எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். வலி திரும்பியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சபையில் சிலருக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

அத்தை விஷயத்துக்கு ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். முழங்கால் வலித்தால் தெரியும். சர்க்கரை ஏறுவது பலருக்குத் தெரியவே தெரியாது, கண்ணோ சிறுநீரகமோ கெட்ட பிறகுதான் தெரியும். இன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போங்கள். ஜெபம் பண்ண வேண்டும் என்றால் கூட உட்கார்ந்து பண்ணுங்கள். பண்ணிவிட்டு, மாத்திரையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.