அணி ஊரைவிட்டுப் போனால் இருக்கைக்குக் கட்டிய பணம்?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் குடியேறி பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. மகனுக்கு அமெரிக்கக் கால்பந்து என்றால் உயிர். எங்கள் ஊர் அணிக்குப் புதிய மைதானம் எழும்புகிறது. நல்ல வரிசையில் இரண்டு இருக்கைகளுக்கு ‘இருக்கை உரிமம்’ வாங்கிக்கொண்டால் முப்பது ஆண்டுகளுக்கு அந்த இடம் எங்களுடையது என்கிறார் விற்பனையாளர். இரண்டுக்கும் சேர்த்து 9,000 டாலர், தவணையும் உண்டாம். “வீட்டுமனை வாங்கிப் போடுவது போல” என்றும் சொன்னார். என் கணவரோ, “அணியே வேறு ஊருக்குப் போய்விட்டால் என்ன செய்வாய்?” என்கிறார். அப்படியும் நடக்குமா?

பதில்: நடக்கும். பலமுறை நடந்திருக்கிறது. உங்கள் கணவர் சரியான இடத்தில்தான் விரல் வைத்திருக்கிறார்.

முதலில், நீங்கள் வாங்கப்போவது இருக்கையும் அல்ல, டிக்கெட்டும் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் அந்த இருக்கைக்கான பருவ டிக்கெட்டை (அந்த ஆண்டின் ஆட்டங்களுக்கெல்லாம் சேர்த்து விற்கும் டிக்கெட்டை) மற்றவர்களுக்கு முன் வாங்கிக்கொள்ளும் உரிமையை மட்டுமே வாங்குகிறீர்கள். டிக்கெட்டுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். நம் கடைவீதிகளில் பகடி கொடுத்துக் கடை பிடிப்பார்களே, கிட்டத்தட்ட அதுதான் இது: வாடகை கொடுக்கும் உரிமைக்கே ஒரு விலை. ஒத்திக்கு வீடு பிடித்தால் காலி செய்யும்போது பணம் திரும்பி வரும். இதில் அதுவும் கிடையாது. பெரும்பாலான ஒப்பந்தங்களில், ஓர் ஆண்டு டிக்கெட் வாங்கத் தவறினாலே உரிமம் அணிக்குத் திரும்பிவிடும். இதை வீட்டுமனையோடு ஒப்பிட்டவர் உங்களுக்குத் தவறான வழி காட்டியிருக்கிறார்.

அணி போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு செயின்ட் லூயிஸ் நகரைவிடத் தெளிவான பாடம் இல்லை. ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியை விட்டு 1995-இல் அந்த நகருக்கு வந்தது. அணியை வரவழைக்கும் முயற்சியின் ஒரு பகுதியாகவே ரசிகர்களிடம் இருக்கை உரிமங்கள் விற்கப்பட்டன. ஓர் உரிமத்தின் விலை 250 டாலரில் தொடங்கி 4,500 டாலர் வரை போனது. காலம் 30 பருவங்கள், அதாவது 2024 வரை.

ரசிகர் கையில் இருந்த தாள் 30 ஆண்டு என்றது. மைதானத்துக்கும் அணிக்கும் இடையிலான குத்தகையும் 30 ஆண்டுதான். ஆனால் அந்தக் குத்தகைக்குள் ஒரு வரி இருந்தது: 2005-லும் 2015-லும் அந்த மைதானம், லீக்கின் எல்லா மைதானங்களையும் வரிசைப்படுத்தினால் முதல் கால்வாசிக்குள் வரும் தரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அணி குத்தகையை ஆண்டுக்கு ஆண்டு என்று மாற்றிக்கொள்ளலாம். இருபது வயதான கட்டடம் எப்படி அந்த வரிசையில் நிற்கும்? 2005 கெடுவை அணி பெரிதுபடுத்தவில்லை. 2015 கெடுவுக்கு முன் விவகாரம் நடுவர்களிடம் போனது. 2013-இல் அவர்கள் அணியின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். அதன்படி மைதானத்தைச் சீரமைக்க ஏறத்தாழ 70 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிடப்பட்டது. நகரம் மறுத்தது, கதவு திறந்துகொண்டது.

2016 ஜனவரி 12 அன்று ஹூஸ்டனில் கூடிய லீக்கின் அணி உரிமையாளர்கள் 30-க்கு 2 என்ற வாக்கில் ராம்ஸ் லாஸ் ஏஞ்சலிஸுக்குத் திரும்ப அனுமதித்தார்கள். இடமாற்றக் கட்டணம் 55 கோடி டாலர். அது மற்ற உரிமையாளர்களுக்குப் போகும் பணம். போகலாமா என்று வாக்களிப்பவர்களே போவதற்கான கட்டணத்தையும் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்த அறையில் ரசிகருக்கு நாற்காலி கிடையாது.

முப்பதில் இருபத்தொரு பருவம் முடிந்திருந்தது. மீதி ஒன்பதுக்கு என்ன பதில் என்று கேட்டு உரிமம் வைத்திருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2019-இல்தான் சமரசம் ஏற்பட்டது: எல்லோருக்கும் சேர்த்து அதிகபட்சம் 2.4 கோடி டாலர். அதே இடமாற்றத்துக்காக நகர நிர்வாகமும் கவுண்டியும் (மாவட்டம் போன்ற நிர்வாகம்) தொடுத்த வழக்கு 2021 நவம்பரில் 79 கோடி டாலருக்கு முடிந்தது. இந்தப் பெரிய தொகை பொது நிர்வாகங்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் போனது. வரிசையில் உட்கார்ந்து கத்திய குடும்பங்களுக்கு அதில் பங்கு இல்லை. அவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது; நகரத்துக்கு அணி வருவதற்குப் பணம் போட்டவர்கள் அவர்கள்.

ஆகவே, கையெழுத்துக்கு முன் உங்கள் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு பத்தியைத் தேடுங்கள்: அணி இந்த மைதானத்தில் ஆடுவதை நிறுத்தினால் என்ன? ‘அணி இங்கு ஆடும் வரை’ என்று எழுதியிருந்தால் முப்பது ஆண்டு என்ற வாக்குக்கு அந்த வரி வேலி போட்டுவிட்டது என்று பொருள். மீதமுள்ள ஆண்டுகளுக்கு விகிதப்படி பணம் திரும்பும் என்று இருந்தால் நல்லது. யார் திருப்பித் தருவார் என்பதையும் பாருங்கள்; அணியா, மைதான நிறுவனமா, விற்பனைக்காக மட்டும் உருவாக்கிய அமைப்பா?

அதைவிட முக்கியமானது நீங்கள் கையெழுத்திடாத இன்னொரு தாள், அதாவது அணியின் குத்தகை. பொதுப்பணத்தில் கட்டும் மைதானம் என்றால் அது பொது ஆவணமாகத்தான் இருக்கும். நகர அலுவலகத்தில் எழுதிக் கேட்டுப் பெறலாம். இப்போதெல்லாம் இத்தகைய மைதானங்களுக்கு ‘இடம் மாறாமை ஒப்பந்தம்’ என்று தனியாக ஒன்று போடுகிறார்கள். அது எத்தனை ஆண்டு, எந்த நிலையில் அது செல்லாமல் போகும், மீறினால் அபராதம் எவ்வளவு என்று படியுங்கள். உங்கள் உரிமத்தின் காலமும் அதன் காலமும் ஒத்துப்போகாவிட்டால் குறைவான எண்ணைத்தான் உங்கள் காலமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஓக்லாந்தில் ரெய்டர்ஸ் 1995-இல் திரும்பி வந்தபோது விற்ற உரிமங்களுக்குக் காலமே பத்து ஆண்டுதான். அந்த அணி 2020-இல் லாஸ் வேகஸ் போய்விட்டது.

தவணையில் மட்டும் வாங்காதீர்கள். வட்டி ஏறும், நடுவில் நின்றால் கட்டியதும் போகும். 9,000 டாலர் திரும்பி வராது என்று முடிவு கட்டி, மகனோடு அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காகவே செலவழிக்க முடியும் என்றால் வாங்குங்கள். அவன் கல்லூரிக்குச் சேர்த்த பணம் என்றால் வேண்டாம்.

கேள்வி: என் அண்ணன் விஸ்கான்சினில் இருக்கிறார். கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் பங்குப் பத்திரத்தை 300 டாலருக்கு வாங்கி, சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். அடுத்த முறை விற்கும்போது நானும் வாங்கலாமா?

பதில்: முதலீடாக நினைத்தால் வேண்டாம். அந்தப் பங்குக்கு ஈவுத்தொகை கிடையாது, சந்தையில் விற்க முடியாது, பருவ டிக்கெட்டில் முன்னுரிமையும் கிடையாது. குடும்பத்துக்குள் மாற்றித் தரலாம். ஆண்டுக் கூட்டத்தில் வாக்களிக்கலாம்.

ஆனால் மேலே கேட்ட சகோதரியின் கவலைக்கு அமெரிக்காவில் கிடைத்த ஒரே முழு விடை இந்த அணிதான். 1923-இல் ஊர்மக்களுக்குப் பங்கு விற்று லாப நோக்கமற்ற நிறுவனமாக ஆனது. ஊரைவிட்டு அள்ளிக்கொண்டு போகத் தனி முதலாளி இல்லை. அணியை விற்றாலும் பங்குதாரருக்குப் பணம் வராது: தொடக்க விதிப்படி அது படைவீரர் நினைவுச்சின்னத்துக்குப் போக வேண்டும், 1997-இல் அதை அணியின் அறக்கட்டளைக்கு என்று மாற்றினார்கள். விற்று லாபம் பார்க்க ஒருவருக்கும் வழி இல்லாததால் சிறிய ஊரில் பெரிய அணி நிலைத்திருக்கிறது. அந்த ஏற்பாட்டுக்கு 300 டாலர் நன்கொடை தர உங்களுக்கு மனம் இருந்தால், தாராளமாகத் தாருங்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். ரசிகர்களே நடத்தும் ஒரு கால்பந்துக் கழகம் மைதானம் கட்டக் கடன் பத்திரம் வெளியிடுகிறது. வங்கி வட்டியைவிடக் கொஞ்சம் கூடுதல். போடலாமா?

பதில்: லண்டனின் விம்பிள்டன் கால்பந்துக் கழகத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2002 மே மாதம் மூவர் ஆணையம் 2-க்கு 1 என்ற கணக்கில் அந்தக் கழகம் மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்குப் போக அனுமதித்தது. ரசிகர்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. சில வாரங்களில் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புதுக் கழகம் தொடங்கி, கீழ்மட்ட லீக்கிலிருந்து ஏறி, 2020 நவம்பரில் தங்கள் பழைய இடமான பிளவ் லேனுக்கே திரும்பினார்கள். அந்த மைதானத்தைக் கட்டி முடிக்க ரசிகர்களின் கடன் பத்திரப் பணமும் உதவியது.

உங்கள் கழகமும் அதே உறுதியோடு இருக்கலாம். ஆனாலும் இத்தகைய பத்திரம் வங்கி வைப்பு அல்ல. கழகம் நொடித்தால் வைப்புகளுக்கான இழப்பீட்டுத் திட்டம் உங்களைக் காக்காது. மைதான நிலத்தின் மீது வேறு கடன் இருக்கிறதா, அந்தக் கடன்காரருக்குப் பிறகுதான் உங்கள் முறை வருமா என்று வெளியீட்டு அறிக்கையில் பாருங்கள். முதிர்வுக் காலத்துக்கு முன் பணம் தேவைப்படாது என்றால் மட்டும், சேமிப்பில் சிறு பங்கைப் போடுங்கள்.